அழிய மறுக்கும் கோப்பு

ஊர் திரும்பிய பிறகு நீங்கள் அடிக்கடி ஏறி இறங்கும் இடங்களில் சந்தியில் இருக்கும் கொமினிகேசன் கடையும் ஒன்று. வீட்டுத்திட்டப் படிவம், காணி அலுவல், பிள்ளையைப் பாடசாலையில் சேர்ப்பது என்று எதற்குப் போனாலும் யாராவது ஒரு பத்திரத்தின் பிரதியைக் கேட்கிறார்கள். அடையாள அட்டை, பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், காணி உறுதி, வங்கிப் புத்தகத்தின் முதற்பக்கம் எல்லாவற்றையும் அங்கேதான் ஸ்கான் செய்கிறீர்கள், அங்கிருந்துதான் மின்னஞ்சலில் அனுப்புகிறீர்கள். வேலை முடிந்து காசைக் கொடுத்துவிட்டு எழும்பும்போது அந்தப் பத்திரங்களின் படங்கள் கடைக் கணினியில் அப்படியே கிடக்கின்றன.

"தம்பி, உதை அழிச்சு விடுங்கோ" என்று கேட்கிறீர்கள். தம்பியும் அழிக்கப் பார்க்கிறார். திரையில் ஒரு பெட்டி தோன்றி, முடியாது என்கிறது. "அழியுதில்லை அக்கா. நீங்கள் போங்கோ, நான் பிறகு அழிச்சு விடுறன்."

அப்படிச் சொன்னாலும் எழும்ப வேண்டாம். அழித்ததைக் கண்ணால் பார்த்துவிட்டே போங்கள். தம்பியில் சந்தேகப்பட்டுச் சொல்லவில்லை. உங்களுக்குப் பின்னால் அதே கதிரையில் யார் வந்து இருப்பார் என்பது அவருக்கும் தெரியாது. அடையாள அட்டை இலக்கத்தைப் பார்த்தே நீங்கள் பிறந்த ஆண்டையும் நாளையும் ஒருவர் சொல்லிவிடலாம். அதோடு முகவரியும் கையெழுத்தும் வங்கிக் கணக்கு இலக்கமும் ஒரே கோப்புறையில் கிடந்தால், உங்கள் பெயரில் ஒரு படிவம் நிரப்புவதற்குத் தேவையானது எல்லாம் அங்கே இருக்கிறது.

கணினி அழிக்க மறுப்பதற்குப் பெரும்பாலும் ஒரு சின்னக் காரணம்தான் இருக்கும். கணினி படித்தவர்தான் அதைக் கண்டுபிடிக்க வேண்டும் என்றில்லை. வீட்டில் மவுஸ் பிடிக்கத் தெரிந்த பிள்ளை இருந்தால் இந்தப் பாடத்தைப் பிள்ளையோடு சேர்ந்து வாசியுங்கள். இதில் சொல்வது எல்லாம் நமது கடைகளில் வழக்கமாக இருக்கும் விண்டோஸ் கணினிக்கு உரியது.

யாரோ பிடித்திருக்கிறார்கள்

கிணற்றில் ஒருவர் வாளியை இறக்கித் தண்ணீர் இழுத்துக்கொண்டிருக்கும்போது கப்பியில் இருந்து கயிற்றைக் கழற்ற நாம் போவதில்லை. அவர் இழுத்து முடிக்கட்டும் என்று நிற்போம். கணினியும் அப்படித்தான். ஒரு செயலி ஒரு கோப்பைத் திறந்து வைத்திருந்தால், அது கையை விடும் வரைக்கும் அந்தக் கோப்பை அழிக்க விண்டோஸ் பொதுவாக விடாது. பாதி எழுதிக்கொண்டிருக்கும் ஒன்றைப் பறித்தால் எழுதுகிற செயலியும் குழம்பும், கோப்பும் பழுதாகும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது.

ஆகவே முதல் வேலை, திரையில் தோன்றிய பெட்டியை வாசிப்பது. அவசரத்தில் எல்லோரும் அதை மூடிவிட்டு, திரும்பத் திரும்ப டிலீட் விசையை அமத்துகிறார்கள். பல வேளைகளில் பதில் அந்தப் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. இந்தக் கோப்பு இன்ன செயலியில் திறந்திருக்கிறது என்று பெயரோடு எழுதியிருக்கும். அந்தச் செயலியை மூடிவிட்டு, பெட்டியில் உள்ள 'ட்ரை அகெய்ன்' பொத்தானை அமத்தினால் கோப்பு போய்விடும்.

பெயர் சொல்லாமல், வேறொரு செயலி பாவிக்கிறது என்று மட்டும் சொன்னால் கொஞ்சம் தேட வேண்டும். கொமினிகேசன் கடையில் தேட வேண்டிய இடங்கள் சிலதான். ஸ்கான் செய்த செயலி இன்னும் திறந்திருக்கலாம். படத்தைக் காட்டிய சாளரம் மூடப்படாமல் கீழே பட்டியில் ஒளிந்திருக்கலாம். மின்னஞ்சலில் இணைத்த கோப்பு இன்னும் போய்க்கொண்டிருக்கலாம். இணைய வேகம் குறைந்த இடங்களில் இது நிறைய நேரம் எடுக்கும். கடதாசி சிக்கி நின்றுபோன பிரிண்டரின் வரிசையில் உங்கள் பத்திரம் காத்துக்கொண்டும் இருக்கலாம். கோப்புறையின் வலது பக்கத்தில் படத்தைச் சிறிதாகக் காட்டும் முன்னோட்டப் பகுதிகூடக் கோப்பைப் பிடித்துக்கொள்வதுண்டு. ஆல்ட் விசையையும் 'பி' விசையையும் சேர்த்து அமத்தினால் அந்தப் பகுதி மூடிக்கொள்ளும்.

எல்லாம் மூடியும் அழியவில்லை என்றால் கொன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்று விசைகளையும் ஒன்றாக அமத்துங்கள். டாஸ்க் மனேஜர் திறக்கும். வெளியே தெரியாமல் ஓடிக்கொண்டிருக்கும் செயலிகள் அந்தப் பட்டியலில் இருக்கும். ஸ்கான் செயலியோ படம் காட்டும் செயலியோ அங்கே இருந்தால் அதைத் தெரிந்து 'எண்ட் டாஸ்க்' கொடுக்கலாம். பெயர் விளங்காத எதையும் நிறுத்த வேண்டாம். கணினி இயங்குவதற்கே தேவையானவையும் அதே பட்டியலில்தான் இருக்கின்றன.

இவற்றுக்கும் மசியாவிட்டால் கணினியை மீண்டும் தொடக்குங்கள். மீண்டும் தொடங்கும்போது பிடித்திருந்தவர்கள் எல்லோரும் கையை விடுவார்கள். கணினி எழும்பியதும் வேறு எதையும் திறக்காமல் முதல் வேலையாகக் கோப்பை அழித்துவிட வேண்டும். இதற்கு 'ஷட் டவுன்' கொடுத்துத் திரும்பப் போடுவதைவிட 'ரீஸ்டார்ட்' கொடுப்பது நல்லது. விண்டோஸ் 8 தொடக்கம் வந்த பதிப்புகளில், விரைவாக எழும்புவதற்காக, ஷட் டவுன் எல்லாவற்றையும் முழுதாக விடுவிப்பதில்லை. கடையில் வேறு யாராவது அதே கணினியில் வேலையைப் பாதியில் விட்டிருந்தால் அதைச் சேமித்த பிறகே ரீஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். பொறுமை இழந்து மின் பொத்தானை அமத்திப் பிடிப்பதோ பிளக்கைக் கழற்றுவதோ வேண்டாம். மின்வெட்டுக்கு என்ன ஆகிறதோ அதுவேதான் அப்போதும் ஆகும்.

வேறு காரணங்கள்

சில பெட்டிகள் வேறு கதை சொல்லும். அனுமதி இல்லை என்று வந்தால், அந்தக் கோப்பு கணினியின் வேறொரு பயனர் கணக்கில் உருவானதாக இருக்கலாம். காலையில் கடை முதலாளியின் கணக்கில் ஸ்கான் செய்து, பின்னேரம் வேறொரு கணக்கில் அழிக்கப் பார்த்தால் இப்படி வரும். எந்தக் கணக்கில் உருவானதோ அதில் நுழைந்து அழிப்பதே நேரான வழி.

கோப்பைக் காணவில்லை என்று பெட்டி சொல்கிறது, ஆனால் கண்ணுக்கு முன்னால் இருக்கிறது. அநேகமாக அது முதலிலேயே அழிந்துவிட்டது, திரை புதுப்பிக்கப்படவில்லை. எப்5 விசையை ஒருமுறை அமத்திப் பாருங்கள்.

இன்னொன்று நமக்கென்றே இருக்கிற தொல்லை. ஒரு கோப்பின் பெயரும் அது இருக்கும் கோப்புறைகளின் பெயர்களும் சேர்ந்து ஏறக்குறைய 260 எழுத்துகளைத் தாண்டினால், விண்டோஸ் அதைத் திறக்கவும் அழிக்கவும் திணறும். தமிழில் பெயர் வைத்தால் இந்த எல்லை சீக்கிரம் வந்துவிடும். 'கிளிநொச்சி' நமக்கு ஐந்து எழுத்து. கணினி புள்ளியையும் விசிறியையும் கொம்பையும் தனித்தனியாக எண்ணுவதால் அதற்கு அது 10. மாவட்டம், பிரதேச செயலகப் பிரிவு, கிராம அலுவலர் பிரிவு, குடும்பத் தலைவரின் முழுப்பெயர் என்று கோப்புறைக்குள் கோப்புறையாகத் தமிழில் பெயர் வைத்து அடுக்கிய சங்கக் கணினிகளில் இது நடக்கும். பயப்பட ஒன்றுமில்லை. மேலே உள்ள கோப்புறைகளின் பெயரை 'அ', 'ஆ' என்று சுருக்கிவிட்டு அழித்துப் பாருங்கள், அழியும். தமிழில் பெயர் வைப்பதை இதற்காக விட்டுவிட வேண்டாம், சுருக்கமாக வையுங்கள்.

அழிந்தது உண்மையில் அழிந்ததா

கணினியில் அழித்த கோப்பு முதலில் திரையில் உள்ள குப்பைத் தொட்டிக்குத்தான் போகிறது. யாரும் அதைத் திறந்து திரும்ப எடுக்கலாம். தொட்டியையும் வெறுமையாக்கச் சொல்லுங்கள். ஷிப்ட் விசையை அமத்திக்கொண்டு டிலீட் கொடுத்தால் தொட்டிக்குப் போகாமலே அழியும். பிறகு இன்னும் மூன்று இடங்களைப் பாருங்கள். ஸ்கான் செயலி தனக்கென்று வைத்திருக்கும் கோப்புறை, 'டவுன்லோட்ஸ்' கோப்புறை, கடையின் மின்னஞ்சலில் இருந்து அனுப்பியிருந்தால் அதன் 'சென்ட்' பகுதி. உங்கள் சொந்த மின்னஞ்சலைத் திறந்திருந்தால் அதில் இருந்து வெளியேறிவிட்டீர்களா என்பதையும் பாருங்கள்.

இவ்வளவும் செய்தாலும், அழித்த கோப்பை மீட்டெடுக்கும் செயலிகள் இருக்கத்தான் செய்கின்றன. அதனால் எங்கள் விருப்பம் வேறு. ஸ்கான் செய்யப் போகும்போதே சொந்தமாக ஒரு பென் டிரைவ் கொண்டுபோங்கள். "தம்பி, நேரே இதுக்குள்ளயே சேவ் பண்ணுங்கோ" என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். கடைக் கணினியில் போகாத கோப்பை அங்கிருந்து அழிக்க வேண்டியும் இராது.

பென் டிரைவ் மறுக்கும்போது

இங்கே கதை மாறுகிறது. கடைக் கணினியில் உங்கள் பத்திரம் அழியாமல் இருப்பதுதான் ஆபத்து. உங்கள் பென் டிரைவில் அவசரப்பட்டு அழிப்பதுதான் ஆபத்து. பல குடும்பங்களிடம் மூலப் பத்திரம் இடப்பெயர்வில் தொலைந்துவிட்டது. யாரோ உறவினர் முன்பு எடுத்து வைத்த ஸ்கான் பிரதி மட்டும்தான் இருக்கிறது. காணாமற்போன பிள்ளையின் ஒரேயொரு படம் பென் டிரைவில் மட்டும் இருக்கிற வீடுகளும் உண்டு. உறுதியின் ஸ்கான் பிரதி மூலப் பத்திரத்துக்கு ஈடாகாது என்பது உண்மைதான். ஆனால் காணிப் பதிவகத்தில் பிரதி எடுக்கப் போகும்போது உறுதி இலக்கம், திகதி, நொத்தாரிசின் பெயர் தேவைப்படும். அந்த மூன்றும் அந்தப் படத்தில் இருக்கின்றன.

பென் டிரைவில் இருந்து அழித்தது பொதுவாகக் குப்பைத் தொட்டிக்குப் போவதில்லை, நேரே போய்விடும். ஆகவே பென் டிரைவில் ஒரு கோப்பு அழிய மறுத்தால் முதலில் செய்ய வேண்டியது அழிப்பதல்ல. தேவையான மற்றக் கோப்புகள் அனைத்தையும் வேறிடத்தில் பிரதி எடுத்து, ஒவ்வொன்றையும் திறந்து, எழுத்துகள் வாசிக்கக்கூடியதாக இருக்கிறதா என்று பாருங்கள். பெயர் தெரிந்தால் போதாது, திறந்தே பார்க்க வேண்டும்.

எழுதத் தடை செய்யப்பட்டிருக்கிறது என்று பெட்டி சொன்னால், மெமரி கார்ட் ஆக இருந்தால் அதைச் செருகும் அடப்டரின் ஓரத்தில் சின்னப் பூட்டு ஒன்று இருக்கும். அது கீழே தள்ளப்பட்டிருந்தால் மேலே தள்ளிவிடுங்கள். சில பென் டிரைவ்களிலும் அப்படி ஒரு ஆளி உண்டு. ஆளி எதுவும் இல்லாமல், நேற்றுவரை நன்றாக வேலை செய்த பென் டிரைவ் இன்று எதையும் அழிக்கவும் விடாமல் புதிதாக எழுதவும் விடாமல் இருந்தால், அது தன் ஆயுளின் கடைசியில் நிற்கிறது என்று கொள்ளலாம். பழுதாகும் பென் டிரைவ்கள் பல, வாசிக்க மட்டும் விட்டு எழுதுவதை நிறுத்திக்கொள்கின்றன. அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். வாசிக்க விடும்போதே எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட்டு, புதிதாக ஒன்று வாங்குங்கள்.

திரும்பத் திரும்ப வருகிற கோப்பு

அழிக்கிறீர்கள், போகிறது. பென் டிரைவைக் கழற்றித் திரும்பச் செருகினால் மீண்டும் இருக்கிறது. கூடவே, உங்கள் கோப்புறைகள் எல்லாம் மூலையில் சின்ன அம்புக்குறி வைத்த சோட்கட் ஆக மாறிக் கிடக்கின்றன. இது வைரஸ். பல பேர் பாவிக்கும் கணினிகளில் இருந்து பென் டிரைவுக்கும், பென் டிரைவில் இருந்து அடுத்த கணினிக்கும் தொற்றுகிற வகை.

இந்த இடத்தில்தான் பலர் எல்லாவற்றையும் இழக்கிறார்கள். "கோப்பு ஒண்டும் இல்லை, எல்லாம் போட்டுது, போமட் பண்ணுவம்" என்று யாராவது சொல்வார்கள். ஒத்துக்கொள்ள வேண்டாம். இந்த வகை வைரஸ் வழக்கமாக உங்கள் கோப்புகளை அழிப்பதில்லை. அவற்றை மறைத்துவிட்டு, அதே பெயரில் போலி ஒன்றை முன்னால் வைக்கிறது. போலியைத் திறந்தால் வைரஸ் ஓடும். சோதித்துப் பார்ப்பது எளிது. பென் டிரைவில் வலது கிளிக் செய்து 'ப்ரொப்பர்ட்டீஸ்' பாருங்கள். கண்ணுக்குத் தெரியும் சோட்கட்கள் ஒவ்வொன்றும் ஒன்றிரண்டு கிலோபைட்தான் இருக்கும். ஆனால் நிரம்பிய இடம் முன்பு இருந்த அளவிலேயே இருந்தால் உங்கள் பத்திரங்கள் உள்ளேதான் இருக்கின்றன.

அவற்றை வெளியே எடுக்க, தொற்று இல்லாத வேறொரு கணினி வேண்டும். வைரஸ் தடுப்புச் செயலி புதுப்பித்த நிலையில் இருக்கும் கணினியாகப் பார்த்துப் போங்கள். முதலில் பென் டிரைவ் முழுவதையும் அந்தச் செயலியால் சோதியுங்கள். பிறகு கோப்புறைச் சாளரத்தின் 'வியூ' பகுதியில் மறைந்த கோப்புகளைக் காட்டும் தெரிவைப் போடுங்கள். இதோடு நின்றுவிட்டால் பலவேளை ஒன்றும் தெரியாது. ஏனென்றால் வைரஸ் உங்கள் கோப்புறைகளைக் கணினிக்குரிய கோப்புகள் போல அடையாளமிட்டு மறைத்திருக்கும். 'ஃபோல்டர் ஒப்ஷன்ஸ்' உள்ளே போய், பாதுகாக்கப்பட்ட இயங்குதளக் கோப்புகளை மறைக்கும் தெரிவில் உள்ள சரி அடையாளத்தையும் எடுத்துவிட வேண்டும். மங்கலான நிறத்தில் உங்கள் கோப்புறைகள் தோன்றும். சில வேளைகளில் பெயரே இல்லாத ஒரு கோப்புறைக்குள் எல்லாம் குவிந்திருக்கும். அம்புக்குறி இல்லாதவற்றை மட்டும் பிரதி எடுங்கள். திறந்து பாருங்கள். வேறொரு பென் டிரைவிலும் ஒரு பிரதி வையுங்கள். இரண்டு பிரதிகளும் சரியாகத் திறக்கின்றன என்று கண்ட பிறகு, தொற்றிய பென் டிரைவைப் போமட் செய்யலாம். அழிய மறுத்த கோப்பும் அதோடு போய்விடும்.

திரும்பத் திரும்ப வந்ததற்குக் காரணம் பென் டிரைவ் அல்ல, கணினி. அந்தக் கணினியின் நினைவகத்தில் வைரஸ் ஓடிக்கொண்டிருக்கும்வரை, நீங்கள் அழிக்க அழிக்க அது புதிதாக எழுதிக்கொண்டே இருக்கும். கணினி கடைக்காரருடையது என்றால் அவரிடம் சொல்லுங்கள். சுத்தம் செய்யும்வரை பென் டிரைவை அதில் செருக வேண்டாம். கணினி உங்கள் கிராம அபிவிருத்திச் சங்கத்துடையது என்றால் 'சேஃப் மோட்' நிலையில் தொடக்கி வைரஸ் சோதனை செய்யலாம். அந்த நிலையில் மிகத் தேவையான செயலிகள் மட்டும் எழும்புவதால், பிடித்திருக்கும் வைரஸ் பெரும்பாலும் எழும்பாது, பிடிவாதக் கோப்பும் அழியும். விண்டோஸ் 7 கணினியில் எழும்பும்போதே எப்8 விசையைத் தட்டிக்கொண்டிருந்தால் அந்தத் தெரிவு வரும். விண்டோஸ் 10 கணினியில் ஷிப்ட் விசையை அமத்திக்கொண்டு ரீஸ்டார்ட் கொடுத்து உள்ளே போக வேண்டும்.

அழியாத கோப்பை அழித்துத் தருவதாக இணையத்தில் இலவசச் செயலிகள் நிறைய உண்டு. அவற்றில் நல்லவையும் இருக்கின்றன. தேவையில்லாத விளம்பரச் செயலிகளையும் சேர்த்து உள்ளே விடுபவையும் இருக்கின்றன. நாலு குடும்பங்களின் பத்திரங்கள் இருக்கும் சங்கக் கணினியில் அதைப் போட்டுப் பார்ப்பதை நாங்கள் விரும்பவில்லை. அதேபோல, கணினியின் 'விண்டோஸ்' என்ற கோப்புறைக்குள் இருக்கும் எதுவும் அழிய மறுத்தால் அதை மறுக்க விடுங்கள். இடம் போதவில்லை என்று அங்கே கைவைத்த கணினிகள் பிறகு எழும்பாமல் போயிருக்கின்றன.

இவ்வளவும் செய்து பார்த்தும் முடியவில்லை என்றால், திரையில் வந்த பெட்டியைத் தொலைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். படம் எடுக்க வசதி இல்லாவிட்டால் அதில் உள்ளதை எழுத்துக்கு எழுத்து ஒரு தாளில் எழுதுங்கள். "ஏதோ பிழை வந்தது" என்று சொன்னால் யாராலும் உதவ முடியாது. படத்தையும், பென் டிரைவ் என்றால் அதையும், உங்கள் பகுதிக்கு வரும் எங்கள் கள உத்தியோகத்தரிடம் கொண்டுவாருங்கள். வரும்வரை அந்தப் பென் டிரைவை வேறு எந்தக் கணினியிலும் செருக வேண்டாம். அதற்குள் என்னென்ன பத்திரங்கள் இருந்தன என்று ஞாபகம் உள்ளவற்றை ஒரு தாளில் எழுதிக் கொண்டுவந்தால், மீட்டெடுத்தவற்றில் எது குறைகிறது என்று அங்கேயே சரிபார்க்கலாம்.